பேறுகால உதிரமும் குடும்பத்தின் நினைவும்

வேலூர்க் கோட்டையை ஒட்டிய லாங் பஜாரில், மளிகை மண்டிகளுக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே நாட்டு மருந்துக் கடைகள் உண்டு. வீட்டில் பிரசவம் என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி, சதகுப்பை, ஓமம், பெருங்காயம், பனைவெல்லம் என்று சீட்டு எழுதி வாங்கிப் போய், இடித்துக் கிளறிப் பிள்ளை பெற்றவளுக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பது இந்த வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவமனை. உதிரம் உறையாமல் போவதற்குக் காரணமான மரபணுப் பிழைகளைத் தேடிக் கண்டுபிடித்து உலக மருத்துவ இதழ்களில் வெளியிட்டவர்கள் அதன் ரத்தவியல் துறையினர். வேலூரின் பேறுகால வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் பஜாரிலிருந்து மருத்துவமனைக்கு வந்த பயணமாக, அறியாமை விலகி அறிவு வந்த கதையாக எழுதுகிறார்கள். அந்தக் கதையில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால் அதில் ஒரு இழை விடுபட்டிருக்கிறது. எந்தக் குடும்பத்துப் பெண்களுக்குப் பிரசவத்தில் உதிரம் நிற்பதில்லை என்பது அந்தந்தக் குடும்பத்துக் கிழவிகளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த அறிவைப் பஜாரும் கேட்டு வாங்கவில்லை, மருத்துவமனையும் நெடுங்காலம் கேட்டு வாங்கவில்லை. பிள்ளைப்பேற்றில் நேரும் சாவுகளில் இன்னும் மிச்சமிருப்பவற்றைக் குறைக்க வேண்டுமானால், குடும்பத்தின் நினைவை மருத்துவச் சான்றாக மதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய வழக்கத்திலிருந்து தொடங்குவோம். பிரசவத்துக்குப் பின் உதிரம் போவது உடம்பிலுள்ள கெட்ட ரத்தம் கழிவது என்றே ஊரில் நம்பப்பட்டது. போகும் மட்டும் போகட்டும், உள்ளே தங்கினால்தான் ஆபத்து என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்கப்பட்டது; தீட்டுக் காலம் முடியும்வரை அவள் தனி அறையிலோ வீட்டின் ஒரு மூலையிலோ இருந்தாள். இதை முழு மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கும் வாரங்களில் சிறுகச் சிறுக உதிரம் படுவது இயற்கை. தாய்க்கு ஓய்வு கொடுத்ததும், வெளியாட்களிடமிருந்து விலக்கி வைத்ததும், நெய்யும் வெல்லமும் சேர்ந்த மருந்தைத் தேடிக் கொடுத்ததும் அக்கறையின் அடையாளங்கள்தாம். குறை வேறு இடத்தில் இருந்தது. எவ்வளவு உதிரம் போனால் இயற்கை, எவ்வளவு போனால் ஆபத்து என்று அளக்கும் வழி அந்த வழக்கத்தில் இல்லை. நனைந்த துணிகள் தீட்டுத் துணிகளாக ஒதுக்கப்பட்டன, எண்ணப்படவில்லை. தாகம் எடுக்கிறது, கண் இருட்டுகிறது என்று அவள் சொன்னால், அது பிள்ளை பெற்றவளின் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அதிக உதிரம் இழந்த உடம்பின் முதல் முறையீடுகள் அவைதாம்.

ஆபத்து எத்தனை விரைவில் வரும் என்பதை உணர உடலின் ஏற்பாட்டைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்தபடி நிற்கின்றன. அந்தக் கதவுக்கு இயற்கை இரண்டு பூட்டுகள் வைத்திருக்கிறது. முதல் பூட்டு கர்ப்பப்பையின் தசை. பின்னிக் கிடக்கும் தசைநார்கள் இறுகி, தம் ஊடாக ஓடும் குழாய்களை நெரித்து அடைக்கின்றன. இரண்டாவது பூட்டு ரத்தத்தின் உறையும் தன்மை. தட்டணுக்களும் உறைதல் காரணிகளும் சேர்ந்து காயத்தின் வாயை மூடுகின்றன. பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் 500 மில்லிலிட்டருக்கு மேல் உதிரம் போனால் அதை மிகை உதிரப்போக்கு என்றும், 1,000 மில்லிலிட்டரைத் தாண்டினால் கடுமையானது என்றும் மருத்துவ உலகம் வகுத்திருக்கிறது. இவற்றில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு, முதல் பூட்டு விழாததால், அதாவது கர்ப்பப்பை தளர்ந்து கிடப்பதால் நேர்பவை. நஞ்சின் துண்டு உள்ளே தங்குவதும், பிறப்புப் பாதையில் கிழிசல் ஏற்படுவதும் அடுத்த காரணங்கள். ரத்தமே உறையாமல் போவது கடைசிக் காரணம். எண்ணிக்கையில் மிகச் சிறியது. அந்தச் சிறிய பங்கின் வரலாறுதான் வேலூரில் மறைந்து கிடக்கிறது.

வேலூர் வட்டாரத்தில் நவீன மருத்துவம் பேறுகாலத்தை முதலில் அணுகியது, கைதேர்ந்த பெண் மருத்துவர் இல்லை என்ற குறையாகத்தான். ராணிப்பேட்டையில் ஸ்கடர் குடும்பத்தார் 1866இலேயே மருத்துவமனை தொடங்கியிருந்தார்கள். ஆனால் ஆண் மருத்துவர் பிரசவம் பார்க்க உயர்சாதி இந்துக்களும் கோஷா முறை கடைப்பிடித்த முஸ்லிம்களும் சம்மதிக்கவில்லை. 1890ஐ ஒட்டித் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து அந்தக் குடும்பத்து இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் உதவி கேட்டதும், மருத்துவரான தம் தந்தையை அழைத்துப் போகும்படி ஐடா சொன்னபோது அவர்கள் மறுத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும் பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. அவர் அமெரிக்கா சென்று கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900 தொடக்கத்தில் வேலூர் வந்து ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. ஆம்பூரில் 1920களில் லுத்தரன் சபையாரின் பெதஸ்தா மருத்துவமனை வந்தது. வேலூர் ஊருக்குள் அரசு மருத்துவமனை, 1912 முதல் 1919 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபுவின் பெயரைத் தாங்கியது. இவை அனைத்தும் முதல் பூட்டைக் காக்கும் கைகளைப் பெருக்கின. பெண் மருத்துவர் வந்தார், நஞ்சை முறையாக எடுத்தார், கிழிசலைத் தைத்தார், கர்ப்பப்பையைக் கையால் தேய்த்து இறுகச் செய்தார். திண்டிவனத்து மூவர் இறந்தது எதனால் என்று அந்தக் கதை சொல்வதில்லை. அவர்களுடைய தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் பேறு எப்படி நடந்தது என்பதை அது கேட்டதும் இல்லை.

இரண்டாம் கட்டம் மருந்தும் ரத்தமும் வாகனமும் சேர்ந்த கட்டம். கர்ப்பப்பையை இறுக்கும் எர்கோமெட்ரின் 1935இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஆக்சிடோசின் 1953இல் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. ரத்தவங்கிகள் ஊர்தோறும் வந்தன. தமிழக அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு பகலாகப் பிரசவம் பார்க்கச் செவிலியர்களை அமர்த்தியது. ஒவ்வொரு பேறுகாலச் சாவையும் தணிக்கைக்கு உட்படுத்தியது. 2008இல் 108 ஊர்திகளை ஓடவிட்டது. விளைவு கண்கூடு. 2018–20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54. இந்தச் சாதனையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் சாவுகள் இந்த அளவுக்குக் குறையும்போது, மிஞ்சி நிற்பவற்றின் இயல்பு மாறுகிறது. மருத்துவமனைக்கு வராததால் இறந்தவர்கள் குறைய, வந்தும் காப்பாற்ற முடியாதவர்களின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. ஊசி போட்டும் கர்ப்பப்பை இறுகாதவர், இறுகியும் உதிரம் நிற்காதவர், நின்று வீடு திரும்பிய பின் இரண்டாம் வாரத்தில் மீண்டும் பெருகியவர் யார் என்ற கேள்வி, நம்மைப் பரம்பரையிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது.

பரம்பரை உதிரநோயை மருத்துவம் அறிந்த விதமே என் வாதத்துக்கு முதல் சான்று. பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள ஓலாந்துத் தீவுகளிலிருந்து 1924இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஹெல்சிங்கி மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்டிடம் கொண்டுவந்தார்கள். சிறு காயத்துக்கும் உதிரம் நிற்பதில்லை. அவளுடன் பிறந்தவர்களில் சிலர் இதே காரணத்தால் சிறு வயதிலேயே இறந்திருந்தார்கள். மரபணு என்ன என்பதே தெளிவாகாத காலம் அது. வான் வில்லிபிராண்ட் செய்தது ஒன்றுதான்: குடும்பத்தாரைக் கேட்டுக் கேட்டு 66 பேர் கொண்ட வம்சாவளியை எழுதினார். அவர்களில் 23 பேருக்கு இந்தக் கோளாறு இருந்தது. ஹீமோபிலியா ஆண்களின் நோய் என்று அறியப்பட்டிருந்த காலத்தில், இது பெண்களையும் பீடிக்கிறது என்று 1926இல் எழுதினார். அந்தச் சிறுமி பதின்மூன்று வயதில் மாதவிலக்கின் உதிரம் நிற்காமல் இறந்துபோனாள். நோய்க்குக் காரணமான மரபணு பிரித்தெடுக்கப்பட்டது 1985இல். குடும்பத்தின் வாய்மொழி, ஆய்வகத்துக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் முன்னால் நடந்திருக்கிறது.

அந்த நோயின் நடத்தையைப் பேறுகாலத்தோடு சேர்த்துப் பார்த்தால் நம் ஊர் வழக்கத்தின் ஆபத்து புலப்படும். வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம்தான் தட்டணுக்களைக் காயத்தில் ஒட்டவைக்கிறது. உறைதல் காரணிகளில் எட்டாவதையும் அழியாமல் காக்கிறது. லேசான வகை உள்ள பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் இந்தப் புரதத்தின் அளவு இரண்டு மூன்று மடங்கு உயர்கிறது; ஆகவே பரிசோதனையில் எல்லாம் சரியாகத் தெரியும், பிரசவமும் நல்லபடியாகவே முடியும். பிறகு சில நாள்களிலேயே அளவு இறங்கத் தொடங்கி, மூன்று வாரங்களுக்குள் பழைய குறைபாட்டுக்கே வந்துவிடுகிறது. உதிரம் பெருகுவது பெரும்பாலும் அப்போதுதான். அதாவது, அவள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, தாய்வீட்டு அறையில் தீட்டுக் காத்துக்கொண்டிருக்கும் அதே நாள்களில். கெட்ட ரத்தம் கழிகிறது என்று சுற்றியிருப்பவர்கள் பொறுத்திருக்கும் அதே நாள்களில். மருத்துவமனையின் கண் விலகிய பிறகு, வீட்டின் நம்பிக்கை கண்ணை மூடிக்கொண்டிருக்கும் வேளையில் வரும் நோய் இது. கடுமையான மூன்றாம் வகையிலோ, கர்ப்ப காலத்தில் அந்த உயர்வே நேர்வதில்லை. அவளுக்குப் பிரசவ அறையிலேயே ஆபத்து காத்திருக்கிறது.

பதின்மூன்றாம் காரணிக் குறைபாடு இன்னும் மறைவானது. உலகில் பல லட்சம் பேருக்கு ஒருவரிடம்கூட இல்லாத அரிய நோய். ஆனால் சொந்தத்தில் கட்டும் சமூகங்களில் கூடுதலாகத் தென்படுவது. இந்தக் குறைபாடு உள்ள குழந்தையின் தொப்புள்கொடி விழும்போதே உதிரம் கசிந்துகொண்டிருக்கும். பெண்ணானால் வளர்ந்த பின் கரு தங்காமல் திரும்பத் திரும்பக் கலையும். வழக்கமாக எடுக்கும் உறைதல் சோதனைகள் எல்லாம் சரி என்றே காட்டும், ஏனென்றால் ரத்தம் உறைகிறது, உறைந்தது நிலைப்பதில்லை. இதைக் கண்டறியும் பழைய சோதனை மிக எளியது. கண்ணாடிக் குழாயில் ரத்தத்தின் நீர்ப்பகுதியை உறையவைத்து, அந்தக் கட்டியை யூரியாக் கரைசலில் போட்டு வைப்பார்கள். நல்ல கட்டி மறுநாளும் கரைசலுக்குள் கலங்காமல் கிடக்கும். பதின்மூன்றாம் காரணி இல்லாத கட்டி ஓரம் நைந்து, இழை பிரிந்து, சில மணி நேரத்தில் தடம் தெரியாமல் கரைந்துவிடும். கிளான்ஸ்மான் நோய் வேறொரு வகை: சுவிஸ் மருத்துவர் எடுவார்ட் கிளான்ஸ்மான் 1918இல் விவரித்தது. தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஒன்றோடொன்று சேரும் திறன் மட்டும் இராது. எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதிவிடுவது எளிது. சிஎம்சி ரத்தவியல் துறையினர் பிற நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியாவைச் சேர்ந்த, ஒருவருக்கொருவர் உறவில்லாத 15 கிளான்ஸ்மான் நோயாளிகளிடம், அதுவரை உலகில் எங்கும் பதிவாகாத 10 மரபணுப் பிழைகளைக் கண்டார்கள். பல குடும்பங்கள் தத்தமக்கே உரிய பிழையைத் தலைமுறைகளாகச் சுமந்து வந்திருக்கின்றன.

ஏன் இங்கே? காரணம் நம் திருமண முறையில் இருக்கிறது. இந்த நோய்களில் கடுமையானவை வெளிப்பட, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக மரபணுவின் இரு படிகளும் பழுதாக வர வேண்டும். ஒரு படி மட்டும் பழுதானவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்ந்துவிடுவார். தாய்மாமனை மணந்த பெண்ணின் குழந்தைக்கு, ஏதேனும் ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகனையோ மாமன் மகனையோ மணந்தால் பதினாறில் ஒன்று. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்திய அளவில் நூற்றுக்குப் பதினொரு பெண்கள் அளவில்தான் சொந்தத்தில் மணந்தவர்கள். தமிழ்நாட்டிலோ 28 பேர், மாநிலங்களில் இதுவே முதன்மை. இதை ஒரு சமூகத்தின் பழக்கமென்று சுருக்க முடியாது. வேலூர், ராணிப்பேட்டைக் கிராமங்களில் முறைமாமன் உரிமை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் வணிகக் குடும்பங்களில் பெரியப்பா, சித்தப்பா மக்களுக்குள்ளும் நடக்கும் சம்பந்தம். முறைகள் வேறு, மரபணுக் கணக்கு ஒன்றுதான். ஐரோப்பாவில் வான் வில்லிபிராண்ட் நோயில் லேசான முதல் வகையே பெரும்பான்மை. இந்திய மருத்துவமனைகளில் கடுமையான மூன்றாம் வகை மிகக் கூடுதலான பங்கில் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். லேசான வகை உள்ளவர்கள் மருத்துவமனைக்கே வருவதில்லை, வந்தாலும் கண்டறியப்படுவதில்லை என்பது இன்னொரு காரணம்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு வரும், அதுவும் வேலூரிலிருந்தே. சிஎம்சியின் புள்ளியியல் துறையைச் சேர்ந்த சுந்தர் ராவும் இன்பராஜும் பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் பல ஆயிரம் குடும்பங்களை ஆராய்ந்து 1977இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கிராமங்களில் ஏறக்குறைய பாதித் திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. நகரத்தில் அதைவிடக் குறைவு. ஆனால் கருச்சிதைவிலோ, பிறவிக் குறைகளிலோ சொந்தத்தில் மணந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே அவர்கள் கண்டார்கள். பல தலைமுறைகளாக இப்படி மணந்ததில் தீய மரபணுக்கள் சலித்து வெளியேறியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். சொந்தத்தில் கட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு பழிப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நேர்மையான ஆய்வு அது. ஆயினும் அது கேட்ட கேள்வி வேறு. அது சராசரியைக் கேட்டது. பல லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் சில மடங்கு பெருகினாலும் மாவட்டத்தின் சராசரியில் தெரியாது. அந்த நோய் வந்த குடும்பத்திலோ அதுவே முழு உண்மை. அத்துடன், அந்த ஆய்வின் கண் பிறக்கும் குழந்தையின் மீது இருந்தது; பிழையோடு பிறந்து, வளர்ந்து, பெரும்பாட்டோடு பருவம் கடந்து, இருபது வயதில் பிரசவ மேசையில் படுக்கும் பெண் அதன் கணக்கில் இல்லை. ஆகவே வடஆர்க்காடு ஆய்வு நமக்குச் சொல்வது, எல்லாக் குடும்பங்களையும் சந்தேகிக்க வேண்டாம் என்பதை. குறிப்பிட்ட குடும்பங்களைத் தேட வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

இரண்டாவது மறுப்பு: பத்துக்கு ஏழு பேருக்குக் கர்ப்பப்பைத் தளர்ச்சிதானே காரணம், உறைதல் கோளாறு நூற்றில் ஒன்றிரண்டுதானே, அதற்கு ஏன் இத்தனை பேச்சு? முதல் பூட்டும் ஓரளவு பரம்பரையின் பிடியில் இருப்பதாகத் தெரிய வந்திருப்பதே இதற்கு விடை. ஸ்வீடனில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை, அக்கா–தங்கை, அண்ணன்–தம்பி உறவுகளோடு இணைத்து ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, மிகை உதிரப்போக்குக்கான சாய்வில் ஏறக்குறைய 18 சதவீதம் தாயின் மரபணுக்களாலும், 11 சதவீதம் கருவிலிருக்கும் குழந்தையின் மரபணுக்களாலும் விளைவதாகக் கணித்தது. 2024இல் 21,000க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்ட பெண்களின் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்தவர்கள், ஆபத்தோடு தொடர்புள்ள ஐந்து இடங்களைச் சுட்டினார்கள். அவை பெரும்பாலும் கர்ப்பப்பைத் தசையையும் அதன்மேல் புரோஜெஸ்ட்ரோன் செய்யும் வேலையையும் சார்ந்தவை. இந்த ஆய்வுகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தவை; ஒவ்வொரு இடமும் கூட்டும் ஆபத்து சிறியது; இதை வைத்து ஒரு பெண்ணுக்கு உதிரம் பெருகும் என்று குறிசொல்லும் பரிசோதனை எதுவும் இன்று இல்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் அது வீண் செலவு. ஆனால் அக்காவுக்கு உதிரம் பெருகியிருந்தால் தங்கைக்கும் கவனம் வேண்டும் என்பதற்கு ஆய்வகமே தேவையில்லை, கேட்டால் போதும்.

மூன்றாவது மறுப்பு நடைமுறையிலிருந்து வருவது. காரணம் எதுவானாலும், விரைந்து வைத்தியம் செய்தால் பிழைக்கிறார்களே, பரம்பரையை ஏன் கிளற வேண்டும் என்பது அது. விரைந்து செய்வதன் பலனை மறுக்க இடமே இல்லை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, தாயின் அடியில் அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பை இட்டு உதிரத்தை அளந்து, வரம்பு தாண்டியதும் மருந்துகளையும் கைவைத்தியத்தையும் ஒருசேரக் கொடுத்தால் கடுமையான உதிரப்போக்கு 60 சதவீதம் குறைகிறது என்று நிறுவியது. டிரானெக்சாமிக் அமிலம் மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் உதிரப்போக்கால் நேரும் சாவு குறைகிறது என்பது 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வில் 2017இல் தெரிந்தது. ஆனால் ஆக்சிடோசின் தசையைத்தான் இறுக்கும். இல்லாத காரணியை அது உண்டாக்காது. மூன்றாம் வகை வான் வில்லிபிராண்ட் உள்ளவளுக்கு அந்தக் காரணியே வேண்டும். அது கையிருப்பில் உள்ள மருத்துவமனையில், முன்கூட்டியே திட்டமிட்டுப் பிரசவம் நடக்க வேண்டும். பதின்மூன்றாம் காரணி மிகச் சிறிதளவு இருந்தாலே போதும். கர்ப்ப காலம் முழுவதும் இடைவெளி விட்டுக் கொடுத்துவந்தால் கருவும் தங்கும், தாயும் பிழைப்பாள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யலாமா, ஆயுதம் வைத்துக் குழந்தையை எடுக்கலாமா, வீட்டுக்கு அனுப்பிய பின் எத்தனை வாரம் கண்காணிக்க வேண்டும் என்ற ஒவ்வொரு முடிவும் இதனால் மாறும். இவை எல்லாமே முன்னால் தெரிந்திருந்தால் மட்டுமே முடியும்.

நான்காவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ‘உதிரம் நிற்காத குடும்பம்’ என்று பெயர் விழுந்தால் அந்த வீட்டுப் பெண்களுக்குத் திருமணம் நடக்குமா? நம் ஊரில் எந்தக் குறைக்கும் பழி பெண்ணின் தலையில்தான் வந்து விழுகிறது என்பது உண்மை. ஆனால் மரபணுவின் கணக்கு அந்தப் பழிக்கு இடம் கொடுப்பதில்லை. வான் வில்லிபிராண்ட் நோயும், பதின்மூன்றாம் காரணிக் குறைபாடும், கிளான்ஸ்மான் நோயும் தாய்வழியாலும் தந்தைவழியாலும் சரிசமமாக வருபவை. குழந்தையின் மரபணுவும் ஆபத்தில் பங்கு வகிக்கிறது என்றால், அதில் பாதி கணவனுடையது. ஹீமோபிலியா இன்னொரு பாடம். 2024 டிசம்பரில் சிஎம்சி மருத்துவர்கள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து கிடைத்த நல்ல பலனை உலகுக்கு அறிவித்தார்கள், பாராட்டுக்குரிய சாதனை. ஆனால் அந்த நோயைச் சுமந்து தரும் தாய்மாரிலும் சகோதரிகளிலும் பலருக்குக் காரணியின் அளவு குறைந்தே இருக்கும், அவர்களுக்கும் பிரசவத்தில் உதிரம் பெருகும் என்பதை மருத்துவ உலகம் மிகத் தாமதமாகவே கவனித்தது. மகனுக்கு நோய் என்று அட்டை கொடுக்கப்பட்டது. தாய்க்குச் சோதனைகூடச் செய்யப்படவில்லை. மறைத்துவைப்பது பெண்களைக் காப்பாற்றியதில்லை என்பதையே வரலாறு காட்டுகிறது. பதிவு ரகசியமாக இருக்க வேண்டும், சம்மதத்தோடு இருக்க வேண்டும், பெண்ணின் கையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், சொந்தத்தில் சம்பந்தம் பேசுகிறவர்களும் நோயுள்ள குடும்பமானால் முன்னதாகச் சோதித்துக்கொண்டு முடிவெடுக்க முடியும். முறையையே கைவிடச் சொல்லி யாரையும் அதட்டத் தேவையில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. இன்று ஒவ்வொரு கர்ப்பிணியும் தன் கர்ப்பத்தை அரசிடம் பதிந்து பிக்மி எண் வாங்குகிறாள். கிராம சுகாதாரச் செவிலியர் எடை, ரத்த அழுத்தம், ரத்த அளவு, சர்க்கரை எல்லாம் குறிக்கிறார். அதே பதிவில் ஐந்து கேள்விகள் கட்டாயமாக வேண்டும். பருவமடைந்த நாள் முதல் மாதவிலக்கில் பெரும்பாடு உண்டா? பல் பிடுங்கியபோது, அடிபட்டபோது உதிரம் நிற்கத் தாமதமானதா? பிறந்தபோது தொப்புளில் உதிரம் கசிந்தது என்று வீட்டில் சொல்லக் கேட்டதுண்டா? அம்மா, அக்கா, தங்கை, பாட்டி, அத்தை யாருக்காவது பிரசவத்தில் உதிரம் பெருகியதா, அதனால் யாரேனும் இறந்தார்களா? பெற்றோரோ, தம்பதியோ சொந்தமா? ஐந்தில் இரண்டுக்கு ஆம் என்று விடை வந்தால் அவளை உறைதல் சோதனை வசதியுள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சிஎம்சிக்கோ அனுப்ப வேண்டும். வீடு திரும்பிய பின் மூன்று வாரம் விடாமல் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் நாள் முழுதும் வேலை செய்யும் இளம்பெண்களில் ரத்த அளவு குறைந்தவர்களுக்கு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் இழப்பே உயிரைக் குடித்துவிடும். இவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க அந்தக் கம்பெனிகளின் மருத்துவ அறையே போதும்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருந்தால், அவளுடைய தாயையும் மாமியாரையும் பாட்டிமார்களையும் உட்காரவைத்து, உங்கள் குடும்பத்தில் பிள்ளைப்பேற்றில் உதிரம் நிற்காமல் கஷ்டப்பட்டவர்கள் யார் யார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களைத் தாய்–சேய் நல அட்டையின் ஓரத்தில் எழுதி, அடுத்த முறை செவிலியரிடம் காட்டுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை. கேட்காமல் விட்டதால் இந்த மண்ணில் இறந்த பெண்கள் போதும்.